தெருவிலிருந்து கிண்டிக்கு, கிண்டியிலிருந்து தெருவுக்கு

சென்னையில் அடிபட்டுக் கிடக்கும் நாயையோ மாட்டையோ பார்ப்பவர் வாயில் முதலில் வரும் பெயர் ‘ப்ளூ கிராஸ்’. அது கிண்டியில், வேளச்சேரி சாலையில் இருக்கிறது. சின்னமலையிலிருந்து தெற்கே இறங்கும் அந்தச் சாலைக்கு ஒரு பக்கம் பழைய குதிரைப் பந்தய மைதானம், மறுபக்கம் கிண்டிக் காட்டின் மதில். மதிலுக்கு அந்தப் பக்கம் புள்ளிமானும் வெளிமானும் மேயும் 2.7 சதுர கிலோமீட்டர் தேசியப் பூங்கா. இந்தப் பக்கம் மாநகரப் பேருந்தும் ஆட்டோவும் தண்ணீர் லாரியும் முட்டிக்கொள்ளும் சாலை. நகரத்தின் காடும் நகரத்தின் நெரிசலும் இவ்வளவு பக்கத்தில் இருப்பது சென்னையில் வேறெங்கும் இல்லை. ஊரின் விலங்குகளுக்கான ஆஸ்பத்திரி இங்கே அமைந்தது பொருத்தம்தான்.

முதன்முறை வருபவர்களில் பலர் இதை ஆதரவற்ற நாய்கள் ஆயுள் முழுக்கத் தங்கும் விடுதி என்று எண்ணுகிறார்கள். அப்படித் தங்குபவையும் உண்டு. ஆனால் பெரும்பாலான நாய்களுக்கு இது ஒரு வழித்தங்கல். ஒரு தெருவிலிருந்து வந்து, காயம் ஆறி, கருத்தடை முடிந்து, வெறிநோய்த் தடுப்பூசி ஏறி, அதே தெருவுக்குத் திரும்பிப் போக வேண்டியவை அவை. ஒரு காப்பகம் நன்றாக நடக்கிறதா என்பதை உள்ளே எத்தனை விலங்குகள் இருக்கின்றன என்பதை வைத்து அளக்க முடியாது. எத்தனை நல்லபடியாக வெளியே போயின என்பதை வைத்துத்தான் அளக்க வேண்டும். அதனால் ஒரு நாய் வந்து திரும்பும் வழியிலேயே இந்த இடத்தைச் சுற்றிப் பார்ப்பது நல்லது.

அதற்கு முன் கொஞ்சம் வரலாறு. மதராஸ் மாநகராட்சி தெரு நாய்களைப் பிடித்துக் கொல்லத் தொடங்கியது 1860இல். தொடங்கியபோது சராசரியாக நாளுக்கு ஒன்றுக்கும் குறைவான நாய்களே கொல்லப்பட்டன. 1990களின் நடுவில் அது நாளுக்கு நூற்றுக்கு மேல் என்று வளர்ந்திருந்தது. மின்சாரம் பாய்ச்சிக் கொன்றார்கள். கொல்லப்பட்ட நாய்கள் எவ்வளவு பெருகின என்றால், 1970களின் தொடக்கத்தில் அவற்றின் தோலிலிருந்து கழுத்துப்பட்டையும் பணப்பையும் செய்யலாம் என்று அடையாற்றின் மத்தியத் தோல் ஆராய்ச்சி நிறுவனம் மாதிரிகள் வடிவமைக்கும் அளவுக்குப் போயிற்று. நூற்று முப்பது ஆண்டுகளுக்கு மேல் கொன்றும் தெருவில் நாய் குறையவில்லை, வெறிநோயும் குறையவில்லை.

இந்தக் காலத்தின் நடுவில், 1959இல், தியாகராய நகரில் மழைவெள்ளம் ஓடிய தெருவில் தத்தளித்த இரண்டு நாய்க்குட்டிகளை விமானி கேப்டன் வி. சுந்தரம் வீட்டுக்கு எடுத்துவந்தார். ப்ளூ கிராஸ் அங்கே தொடங்கியது. அவருடைய மனைவி உஷா சுந்தரமும் விமானி. சுதந்திர இந்தியாவின் முதல் பெண் விமானிகளில் ஒருவராகச் சொல்லப்படுபவர். குடும்பமே சேர்ந்து வீட்டிலிருந்து நடத்திய வேலை 1964இல் பதிவுபெற்ற சங்கமானது. கொல்வதற்குப் பதிலாகக் கருத்தடை செய்து தெருவிலேயே விடலாம் என்ற திட்டத்தை இந்த அமைப்பு அதே 1964இல் தொடங்கிவிட்டது. மாநகராட்சி அதை ஏற்க முப்பது ஆண்டுகளுக்கு மேல் ஆயிற்று. 1995இல் தென்சென்னையில் சோதனை ஓட்டம், 1996இல் நகரம் முழுவதற்கும் என்று அது நடைமுறைக்கு வந்தது. அடுத்து வந்த ஆண்டுகளில் சென்னையில் வெறிநோய்ச் சாவுகள் வெகுவாகக் குறைந்தன. 2001இல் நாடு முழுவதற்குமான நாய்க் கருத்தடை விதிகளை மத்திய அரசு கொண்டுவந்தபோது சென்னை அதற்கு ஐந்தாண்டு முன்னால் நின்றது.

விலங்குநலச் சட்டத்தின் வரலாற்றிலும் இந்த ஊருக்குப் பங்குண்டு. கிண்டியிலிருந்து கிழக்கே அரை மணி நேரத்தில் திருவான்மியூர். அங்கே கலாக்ஷேத்திராவை வளர்த்த ருக்மிணி தேவி அருண்டேல்தான் மாநிலங்களவை உறுப்பினராக இருந்து விலங்கு வதைத் தடுப்புக்கான மசோதாவைக் கொண்டுவந்தவர். அதன் விளைவாகவே 1960ஆம் ஆண்டுச் சட்டம் பிறந்தது. 1962இல் அமைந்த விலங்குநல வாரியத்தின் முதல் தலைவரும் அவரே. வாரியத்தின் தலைமையகம் பல பத்தாண்டுகள் சென்னையில்தான் இருந்தது. அந்தச் சட்டத்தில் முதல் குற்றத்துக்கு விதித்த அபராதம் ஐம்பது ரூபாய் வரை. அறுபது ஆண்டுகளுக்குப் பிறகும் தொகை அதேதான். ஒரு நாயின் மேல் வெந்நீரை ஊற்றியவருக்கு ஐம்பது ரூபாய் போதும் என்பது வெட்கப்பட வேண்டிய விஷயம்.

இனி நாயின் வழி. பெரும்பாலும் அது தொலைபேசியில் தொடங்குகிறது. “சார், எங்க தெரு முனையில ஒரு நாய் அடிபட்டுக் கிடக்கு, பின்னங்கால் ரெண்டும் அசையல” என்று ஒரு குரல். எடுப்பவர் கேட்பவை சுருக்கமானவை: எந்தத் தெரு, பக்கத்தில் என்ன கடை, நாய் எழுந்து நடக்கிறதா, யாரையாவது கடித்ததா, வண்டி வரும்வரை பக்கத்தில் நிற்க முடியுமா. கடைசிக் கேள்விதான் பல உயிர்களைத் தீர்மானிக்கிறது. அடிபட்ட நாய் பயத்தில் இழுத்துக்கொண்டு போய்ச் சாக்கடை மூடிக்குக் கீழேயோ நிறுத்திய லாரிக்கு அடியிலோ ஒளிந்துவிடும். வண்டி வந்து தேடிவிட்டு வெறுங்கையோடு திரும்பும். யாராவது ஒருவர் ஒரு மணி நேரம் அங்கே நின்றால் அது நடக்காது.

கருத்தடைக்குப் பிடிக்கும் வண்டி போவது வேறு நேரம். விடியற்காலையில், தெருவில் வாகனம் கூடுவதற்கு முன் போகிறது. நாய் பிடிப்பவர்களின் கையில் நீளக் கோலும் அதன் முனையில் வளையத்தில் தொங்கும் வலையும் இருக்கும். வலையைப் பார்த்ததும் தெருவின் நாய்கள் எல்லாம் ஒரே குரலாகக் குரைக்கும். ஓர் எச்சரிக்கைபோல அது அடுத்த தெருவரை போகும். அப்போது கைகொடுப்பவர் அந்தத் தெருவில் தினமும் சோறு வைக்கும் பெண். “அக்கா, அந்தப் பழுப்பு நாயை மட்டும் பிஸ்கட் காட்டிக் கூப்பிடுங்க, ஓடாம நிக்கும்” என்பார் பிடிப்பவர். அவர் கூப்பிட, நாய் வாலை ஆட்டிக்கொண்டு வர, வலை விழும். நாய் ஒரு முறை துள்ளி, வலையில் கால் சிக்கி, பின் உடலைத் தரையோடு ஒட்டிப் படுத்துவிடும். வலையின் வாயை முறுக்கி, இரண்டு பேர் தூக்கி வண்டிக்குள் வைக்கும் வேலை அரை நிமிடத்தில் முடிய வேண்டும். முடிந்ததும் கழுத்தில் எண் போட்ட பட்டை; நோட்டில் தெருவின் பெயர், அடையாளம், நாயின் நிறம், ஆணா பெண்ணா. இந்த ஒரு வரி தவறினால் நாய் வேறு தெருவில் இறங்கும். அங்குள்ள நாய்கள் அதைக் கடித்துக் குதறிவிடும். பால் கொடுக்கும் தாயைப் பிடிக்கக் கூடாது. ஆறு மாதத்துக்குக் குறைந்த குட்டியையும் கருத்தடைக்கு எடுப்பதில்லை.

காப்பகத்தில் இறங்கியதும் எல்லாவற்றையும் ஒன்றாக விட்டுவிட முடியாது. பார்வோ வைரஸ் ஒரு குட்டியிடமிருந்து ஒரு கொட்டில் முழுவதையும் பிடித்துவிடும். ரத்தக் கழிச்சலும் வாந்தியுமாக இரண்டு மூன்று நாளில் குட்டியைக் கொன்றுவிடும். டிஸ்டெம்பர் வந்த நாயின் கண்ணில் பீளை கட்டும், பிறகு கால் வெட்டி வெட்டி இழுக்கும். சொறி பிடித்தவற்றுக்குத் தனிப் பகுதி வேண்டும். கடித்த நாய், அல்லது வெறிநோய் இருக்குமோ என்று சந்தேகப்படும் நாய், தனிக் கூண்டில் பத்து நாள் கண்காணிப்பில் இருக்கும். நோய் முற்றிய நாய் அந்த நாட்களைத் தாண்டாது. பத்தாம் நாளும் சோறு தின்று குரைத்துக்கொண்டிருந்தால் கடித்த அன்று அதன் எச்சிலில் வைரஸ் இல்லை என்று பொருள். கடிபட்டவர் அதுவரை காத்திருக்கக் கூடாது. உடனே சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் பதினைந்து நிமிடம் காயத்தைக் கழுவி, அன்றைக்கே தடுப்பூசியைத் தொடங்க வேண்டும். தோல் கிழிந்து ரத்தம் வந்த கடியென்றால் இம்யூனோகுளோபுலின் மருந்தும் காயத்துக்குள் போட வேண்டும். அறிகுறி தெரிந்தபின் வெறிநோய்க்கு மருந்து கிடையாது.

சிகிச்சைப் பகுதியில் எந்நாளும் இருக்கும் காட்சி புழுப்புண். தெரு நாய்க்குக் கழுத்திலோ காதுக்குப் பின்னாலோ சின்னக் காயம் பட்டால் அதன் நாக்கு அங்கே எட்டாது. ஈ முட்டை வைக்கும். மூன்று நாளில் உள்ளே நூற்றுக்கணக்கில் புழு. மேலே ஒரு ரூபாய்க் காசு அளவு ஓட்டைதான் தெரியும். உள்ளே கைவிரல் முழுவதும் போகும் அளவுக்குக் குடைந்திருக்கும். உதவியாளர் நாயின் வாயைத் துணிக்கயிற்றால் கட்டி, தலையைத் தன் முழங்கைக்குள் அணைத்துப் பிடித்துக்கொள்கிறார். சுற்றி இருக்கும் முடியைச் சிரைத்ததும் நாற்றம் எழுகிறது. டர்பெண்டைன் எண்ணெயில் நனைத்த துணித்துண்டை ஓட்டைக்குள் திணித்துச் சில நிமிடம் காத்திருந்தால், மூச்சுமுட்டிப் புழுக்கள் மேலே வரும். இடுக்கியால் ஒவ்வொன்றாக எடுத்துத் தட்டில் போட வேண்டும். அவசரப்பட்டு இழுத்தால் புழு பாதியாக அறுந்து உள்ளே தங்கிவிடும். அரை மணி நேரம், முக்கால் மணி நேரம் ஆகும். நாய் முதலில் உறுமும், பிறகு உறுமலை விட்டுவிட்டுக் கண்ணை மூடிக்கொள்ளும். கடைசிப் புழு வந்தபின் காயத்தைக் கழுவி, மருந்து தடவி, ஈ அண்டாத தெளிப்பான் அடித்து அனுப்புகிறார்கள். மறுநாள் மறுபடியும் பார்க்க வேண்டும். ஒளிந்திருந்த சில எப்போதும் வெளியே வரும். சதை நிறைய இரண்டு மூன்று வாரம். மண்டையோடு தெரியக் கிடந்த நாய் ஒரு மாதத்தில் தட்டைத் தள்ளிக்கொண்டு சோறு கேட்கும். மருத்துவத்தில் இவ்வளவு கேவலமாகத் தொடங்கி இவ்வளவு நன்றாக முடியும் சிகிச்சை அதிகம் இல்லை.

அறுவை அறையில் நடப்பது இதற்கு நேர்மாறாக, சீரான, ஒரே மாதிரி வேலை. முந்தைய இரவு உணவு கிடையாது. மயக்க ஊசி, முடி சிரைத்தல், கிருமிநாசினி. பெண் நாயின் வயிற்றில் இரண்டு விரற்கடை வெட்டு. கொக்கிபோன்ற கருவியால் கருப்பையின் கிளையை வெளியே எடுத்து, சூலகங்களோடு கட்டி அறுத்து, உள்ளே கரைந்துபோகும் நூலால் தையல். கைபழகிய மருத்துவருக்குக் கால் மணி நேரமே போதும். ஆண் நாய்க்கு இன்னும் குறைவு. மயக்கம் தெளிவதற்கு முன்பே வெறிநோய்த் தடுப்பூசி போட்டு, காதின் ஓரத்தில் முக்கோணமாக ஒரு சிறு துண்டை நறுக்குவார்கள். தெருவில் தூரத்திலிருந்து பார்த்தாலே கருத்தடை ஆன நாய் என்று தெரிவதற்கான ஒரே அடையாளம் அது. எடுத்த உறுப்புகளை மருந்தில் போட்டு வைத்து, கணக்கோடு ஒப்பிட்டுச் சரிபார்ப்பதும் உண்டு. அரசுப் பணம் ஒரு நாய்க்கு இவ்வளவு என்று வருவதால், செய்யாத அறுவையைச் செய்ததாகக் காட்டிவிடக் கூடாது என்பதற்காக. காயம் ஆறும்வரை சில நாள் தங்கல்.

கொல்வதைவிட இது பலிப்பது ஏன் என்பது தெருவைப் பார்த்தால் விளங்கும். ஒரு பெண் நாய் ஆண்டுக்கு இரண்டு முறை குட்டி போடக்கூடியது. கருக்காலம் இரண்டே மாதம். கறிக்கடைக் கழிவும் ஓட்டல் எச்சிலும் குப்பைத்தொட்டியும் இருக்கும்வரை ஒரு தெருவில் நாயைக் கொன்று வெறுமையாக்கினால் அந்த இடத்துக்கு அடுத்த தெரு நாய் வந்து சேரும், தடுப்பூசி போடாத நாயாக. கருத்தடை ஆன பழைய நாய் அங்கேயே இருந்தால் புதியதை உள்ளே விடாது. நாய்களை அகற்றுவதால் அவற்றின் எண்ணிக்கையோ வெறிநோயோ குறைந்ததற்குச் சான்றில்லை என்று உலக சுகாதார நிறுவனத்தின் நிபுணர் குழு 1992லேயே சொல்லிவிட்டது. ஆனால் இதற்கு ஒரு நிபந்தனை உண்டு. ஒரு வட்டாரத்தில் பத்தில் ஏழு நாய்க்காவது கருத்தடையும் தடுப்பூசியும் முடிய வேண்டும். இங்கே பத்து, அங்கே இருபது என்று சிதறலாகச் செய்தால் மீதி இருப்பவை போடும் குட்டிகள் அந்த இடைவெளியை நிரப்பிவிடும்.

காப்பகத்தில் நாய்தான் அதிகம், நாய் மட்டும் இல்லை. மாட்டின் வயிற்றைத் திறந்தால் வருவது பெரும்பாலும் பிளாஸ்டிக்: முடிச்சுப் போட்ட பை, அதற்குள் அழுகிய சாம்பார், பைக்குள் பை. சோற்றுக்காக முழுப் பையையும் விழுங்கிய மாடு வயிறு ஊதி, அசைபோடாமல் நின்று மெலியும். மாஞ்சா நூலில் சிறகு அறுந்த பருந்து, இரண்டு சுவருக்கு நடுவில் விழுந்த பூனை, வண்டி இழுத்து ஓய்ந்தபின் கைவிடப்பட்ட குதிரை எல்லாம் வருகின்றன. காட்டு விலங்கும் பாம்பும் வனத்துறையிடம் போக வேண்டியவை. தீபாவளி வாரத்தில் வெடிக்குப் பயந்து ஓடி வழிதவறிய வீட்டு நாய்கள் கூடும். 2015 டிசம்பர் வெள்ளத்தில் வேளச்சேரியே நீரில் கிடந்தபோது, வீட்டுக்காரர்களைப் படகில் ஏற்றிப் போனபின் மொட்டை மாடியில் தனித்து நின்ற நாய்களை எடுத்துவரத் தொண்டர்கள் நீரில் இறங்கினார்கள். 2004 ஆழிப்பேரலையின்போதும் கடலோர ஊர்களில் இதே வேலை.

இந்த வேலையைத் தினமும் செய்பவர்கள் சம்பளக்காரர்கள்; அவர்களில் பலர் எளிய குடும்பத்தினர். கொட்டில் கழுவுபவர், நாய் பிடிப்பவர், ஓட்டுநர், கட்டுப்போடும் உதவியாளர். கடிபடுவது இங்கே தொழிலோடு வருவது. ஆகவே வேலைக்குச் சேர்ந்ததும் முன்கூட்டியே வெறிநோய்த் தடுப்பூசி போட்டுக்கொள்ள வேண்டும். ஞாயிற்றுக்கிழமை வந்து நாயைக் குளிப்பாட்டும் கல்லூரி மாணவர்களும், பழைய போர்வையும் செய்தித்தாளும் கொண்டுவரும் வீட்டுக்காரர்களும் இவர்களுக்குப் பெரிய துணை. பணம் பெரும்பாலும் நன்கொடை. ஒரு காப்பகத்துக்கு எளிதில் கிடைக்காதவை மூன்று: தேர்ந்த மருத்துவர், மாதம் தவறாத பணம், சொந்த இடம். இருப்பதிலேயே அதிகம் வருவது, யாரோ பெட்டியில் போட்டு வாசலில் வைத்துவிட்டுப் போகும் கண் திறக்காத குட்டிகள். தாயைப் பிரிந்த அந்த வயதுக் குட்டியைக் காப்பாற்றுவது மிகக் கடினம். தெருவில் நாய் குட்டி போட்டிருப்பதைத் தொந்தரவாக நினைப்பவர் இரண்டு மாதம் தாயோடு அவை அங்கேயே இருக்க விட்டு, பிறகு கருத்தடைக்கு வண்டியைக் கூப்பிடுவதுதான் உண்மையான உதவி.

திரும்பிப் போக முடியாதவையும் இருக்கின்றன. முதுகெலும்பு முறிந்து பின்பக்கத்தை இழுத்துக்கொண்டு ஓடுபவை, இரண்டு கண்ணும் போனவை, முதுமையில் வீட்டுக்காரர் கொண்டுவந்து கட்டிவிட்டுப் போன லேப்ரடார், சென்னை வெயிலில் ஆசைக்கு வாங்கி வளர்க்க முடியாமல் விட்ட ஹஸ்கி. தெருவில் பிறந்த நாய்க்குத் தெருவில் பிழைக்கத் தெரியும். வீட்டில் வளர்ந்த சாதி நாய்க்குத் தெரியாது. தத்துக் கொடுப்பதும் தொடர்ந்து நடக்கிறது. கேட்டு வருபவரிடம் வீட்டில் எல்லாருக்கும் சம்மதமா, வாடகை வீடென்றால் உரிமையாளர் ஒப்புவாரா என்று விசாரித்தே கொடுக்கிறார்கள். நாட்டு நாய்க்குட்டியைக் கேட்டு வருபவர்கள் முன்பைவிடக் கூடியிருப்பது நல்ல மாற்றம். நம் வெயிலுக்கும் நம் சோற்றுக்கும் பழகிய உடம்பு அது.

மற்றவை வண்டி ஏறுகின்றன. நோட்டில் எழுதிய தெரு, அதே டீக்கடை, அதே மின்கம்பம். கதவைத் திறந்ததும் நாய் குதித்து, மண்ணை முகர்ந்து, தன் வட்டாரம்தான் என்று தெரிந்ததும் ஓடிவிடும். இதுவே இன்று அதிகம் சச்சரவுக்குள்ளாகும் கட்டம். “பிடிச்சிட்டுப் போனீங்களே, திரும்ப ஏன் கொண்டாந்து விடுறீங்க?” என்று தெருவில் குரல் எழும். அந்தக் கோபத்தைத் தள்ளிவிட முடியாது. குழந்தை கடிபட்ட வீட்டுக்கு அதைக் கேட்க எல்லா உரிமையும் உண்டு. மாநகராட்சியின் கணக்கெடுப்பில் 2018இல் சுமார் 57 ஆயிரமாக இருந்த தெரு நாய்கள் 2024இல் சுமார் 1.8 லட்சம், அவற்றில் கருத்தடை ஆனவை கால் பங்குக்குச் சற்றே மேல். பத்தில் ஏழு என்ற அளவுக்கு அது வெகு தூரம். திட்டம் தவறு என்பதைவிட, திட்டத்தைப் பாதியில் செய்வதன் விளைவு இது என்று கொள்வதே சரி.

இந்தச் சச்சரவு உச்ச நீதிமன்றம்வரை போனது. 2025 ஆகஸ்ட் 11 அன்று டெல்லித் தெருக்களின் நாய்கள் அனைத்தையும் காப்பகத்தில் அடைக்கச் சொன்ன உச்ச நீதிமன்றம், 22ஆம் தேதி மூன்று நீதிபதிகள் கொண்ட அமர்வில் அதை மாற்றி, கருத்தடையும் தடுப்பூசியும் முடித்த நாய்களைப் பிடித்த இடத்திலேயே விடச் சொன்னது. வெறிநோய் கண்டவையும் மூர்க்கமானவையும் மட்டும் விலக்கு. நவம்பரில் பள்ளி, மருத்துவமனை, பேருந்து நிலையம், ரயில் நிலையம் போன்ற வளாகங்களிலிருந்து நாய்களை அகற்றிக் காப்பகத்தில் வைக்க உத்தரவிட்டது. கிண்டி வளாகத்தைப் போலப் பல மடங்கு இடமும் ஆளும் இருந்தாலும் 1.8 லட்சம் நாய்களை அடைத்துவைக்க முடியாது. பார்வோவும் டிஸ்டெம்பரும் அந்தக் கூட்டத்தில் என்ன செய்யும் என்பதைக் கொட்டில் கழுவும் எவரைக் கேட்டாலும் சொல்வார்.

விட்டுவிட்டு வந்த நாய்க்குத் தடுப்பூசி ஆண்டுதோறும் மறுபடி போட வேண்டும். அதற்கு அதைத் திரும்பப் பிடிக்க வேண்டும், அல்லது சோறு வைப்பவர் கையில் பிடித்துக்கொண்டு நிற்க வேண்டும். 2025இல் மாநகராட்சி வார்டு வார்டாகத் தெரு நாய்களுக்கு ஊசி போடும் இயக்கத்தைத் தொடங்கியது. ஊசி போட்ட நாயின் மேல் சாயத்தால் அடையாளம் இடுவது அதன் முறை. காது நறுக்கிய நாய்க்கும் அந்த ஊசி வேண்டும். கருத்தடை ஒருமுறை வேலை, தடுப்பூசி அதன் ஆயுள் முழுக்க.